குறுக்கே வந்தவள்

“மைனி, திரையை விட்டு வெளிய வந்துராதீங்க. நல்ல காரியம் நடக்கு!”

கொழுந்தன் பிரம்மநாயகம் இப்படி எச்சரித்ததும், கோமதியம்மாள் தேநீர்க் குவளையைத் திரைக்கடியில் நகர்த்தி வைத்தாள். தாராவியின் அந்த ஒற்றை அறைக்கு அவளது பழைய சேலையே திரை. கணவன் விட்டுச்சென்ற டாக்சி அவள் பெயரில் ஓடியது. அதன் வருவாயில்தான் கொழுந்தனும் உண்டான். ஆயினும் அந்த டாக்சிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் வேளையில் கைம்பெண்ணின் முகம் மட்டும் ஆகாது!

திரைக்கு அப்பால் ஏஜெண்டு சுயம்பு வீற்றிருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, நாவில் நெல்லையப்பன். வந்ததும் வராததுமாய்ப் பதிகமொன்றைப் பண்ணோடு பாடி, பிரம்மநாயகத்தின் கண்களைக் குளமாக்கிவிட்டான். அடியார் வேடம் கண்டு உருகும் நெஞ்சுக்கு, வேடத்துக்குள் இருப்பவன் யாரென்று பார்க்கத் தோன்றுமா?

“அண்ணாச்சி, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ரூவா கை மாறிட்டா வண்டிக்கு ஒரு கீறல் விழாது. ஜல்தி!” என்றான் சுயம்பு.

கோமதியம்மாளுக்குச் சுருக்கென்றது. கணவன் காலத்து ஏஜெண்டு ஜெயினுலாப்தீன், தேநீரைத் தொடுமுன் தம் லைசென்ஸை எடுத்து நீட்டுவார். “நம்மூருப் புள்ள இருக்கையில அவரு எதுக்கு?” என்று கொழுந்தன் அவரைக் கழித்துவிட்டான். இவனோ பாட்டைக் காட்டினான், பஞ்சாங்கத்தைக் காட்டினான், லைசென்ஸைக் காட்டவில்லை. இன்ஷூரன்ஸ் பொய்யாகி, டாக்சி எவர்மீதேனும் மோதினால், நஷ்டஈட்டுக்கு வண்டியே போகும். பிழைப்பும் உடன் போகும்.

பிரம்மநாயகம் வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்தான். திரை விலகியது.

“லைசென்ஸைக் காட்டுங்க, தம்பி.”

சுயம்புவின் நீட்டிய கை பாதியில் நின்றது. “அது... ஆபீசுல இருக்கு, ஆச்சி.”

“டாக்சி தெருமுனையிலதான் நிக்கி. ஹமீது ஓட்டுவான். ஆபீசுக்கே போயிப் பாத்துட்டுக் குடுப்போம். உங்களுக்கு மீட்டர் போட மாட்டோம்.”

சுயம்பு துள்ளி எழுந்தான். “சிவ சிவா! குறுக்க வந்துட்டாங்களே, அண்ணாச்சி! சகுனம் சரியில்ல, இன்னொரு நாள் வாரேன்.”

ஒற்றைச் செருப்போடு சந்தில் மறைந்தான்.

அன்று முழுதும் பிரம்மநாயகம் பொருமித் தீர்த்தான். “நம்மூருப் புள்ளைய விரட்டிட்டீங்களே, மைனி!”

சில நாள் கழித்து டாக்சி ஓட்டும் ஹமீது சிரித்தபடி வந்தான். “அக்கா, அந்தச் சுயம்பு செம்பூர்ல போலீஸ்ல மாட்டிக்கிட்டான்! டாக்சிக்காரங்க பல பேருக்குப் போலி இன்ஷூரன்ஸ் குடுத்திருக்கான்.”

பிரம்மநாயகம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “நெல்லையப்பா! அன்னைக்கே சகுனம் தடுத்துச்சு, பாத்தீங்களா மைனி? சகுனம் என்னைக்காவது பொய் சொல்லுமா?”

“சொல்லாது, கொழுந்தனாரே. லைசென்ஸுகூடக் கேட்டுச்சே!”

அவள் திரைச்சேலையை அவிழ்த்து மடித்தாள். ஜெயினுலாப்தீனுக்கு அவளே சொல்லியனுப்பியிருந்தாள். அவர் வரும் நேரம். வாசலுக்கு நேர் எதிரே பாயை விரித்து, நடுவில் அமர்ந்தாள்.