ஸ்கேல் சார் வரைந்த வம்சம்

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ஸ்கேல். வயது ஏற ஏற, மரியாதைக்காக ஒரு 'சார்' ஒட்டிக்கொண்டது. கோணலாகக் கோடு போட்டவனை அவர் மனிதனாகவே மதித்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு டாக்டரம்மா, "குடும்ப வரைபடம் ஒண்ணு வேணும் சார், மூணு தலைமுறைக்கு" என்று கேட்டால் மனுஷர் சும்மா இருப்பாரா?

கேட்டதற்குக் காரணம் மகன். இருபத்து மூன்று வயது. எட்டு மாதமாக வயிற்றுவலியும் போக்கும். உடம்பில் பதினோரு கிலோவைக் காணோம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில், சிறுகுடல் முடிகிற இடத்தில் வரிசையாகப் புண்கள். கிள்ளி எடுத்த சதைத் துணுக்கோ மூத்த அரசியல்வாதியைப் போல எந்தப் பக்கமும் சாயாமல் பதில் சொல்லியிருந்தது. குடல் காசநோயாக இருக்கலாம். குரோன் என்கிற குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். காசநோய்க்காரனுக்கு அழற்சி மருந்தைக் கொடுத்தால் காசநோய் கொழுந்துவிட்டு எரியும். அழற்சிக்காரனுக்குக் காசநோய் மாத்திரையைக் கொடுத்தால் மாதக்கணக்கில் காலம் போகும். அதற்குள் குடல் சுருங்கிக் கத்தி வைக்கும்படி ஆகலாம்.

"ரத்த சொந்தத்துல யாருக்காவது இது இருந்திருந்தா எனக்கு ஒரு பிடி கிடைக்கும்" என்றார் டாக்டர். "சதுரம் ஆம்பளை, வட்டம் பொம்பளை. நோய் இருந்தவங்களை மட்டும் கறுப்படிச்சுக் கொண்டாங்க."

"எங்க பரம்பரையில வயித்துக்கோளாறுங்கிற பேச்சே கிடையாதும்மா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஸ்கேல் சார். பக்கத்தில் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிட முடியவில்லை. தாள் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, ஐந்து மில்லிமீட்டர் சதுரங்களும் வட்டங்களும் பிசிறில்லாமல் இறங்கின. ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் பதவி: தலைமை எழுத்தர், உதவிப் பொறியாளர், பள்ளி ஆய்வாளர் (பொறுப்பு). ஒரு கட்டத்தில்கூடக் கறுப்பு இல்லை. வம்சமே சலவைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

மனைவி காய் நறுக்க இடம் தேடி வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க அக்காவைக் காணோம்?"

"அவளுக்குக் கல்யாணம் ஆகல. கோடு அவளோட முடிஞ்சுபோச்சு. முடிஞ்சுபோற கோட்டை இழுத்துக் காட்டினா படம் அசிங்கமாயிடும்."

"உங்க சித்தப்பா?"

"அவருக்கும் வாரிசு இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் வானத்துலருந்து குதிச்சவங்களா? எதுல போனாங்க அவங்க?"

"உடம்புச் சூடு."

"நல்ல சூடு! எலும்பும் தோலுமா, கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடந்தே தேஞ்சுபோனாங்க உங்க அக்கா. உங்க சித்தப்பாவும் அப்படித்தான்னு உங்க அம்மாவே எங்கிட்ட சொன்னாங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, உங்களுக்கு வந்தது?"

"மூலம்" என்று சொல்லிவிட்டு அழிப்பானைத் தேடலானார். அழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மூலம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வயதில் ரத்தம் ரத்தமாகப் போனபோது, வெளியூர் அளவைப் பணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். அங்கே ஒரு டாக்டர் குடல் அழற்சி என்று சீட்டில் எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டை அவர் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டார். நோய் அவ்வளவு சுலபத்தில் கிழியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயிற்று.

மறுவாரம் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து அசந்துபோனார்.

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு சார். ஆனா இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா படுக்கல?"

"அதான் சொன்னேனேம்மா, சுத்தமான ரத்தம். வேணும்னா மரபணு டெஸ்ட் எடுங்க. முத்திரை குத்தியே குடுப்பாங்க."

"அது குத்தாது சார். இந்த நோய்க்குன்னு தனியா ஒரு மரபணு கிடையாது. இருநூறுக்கு மேல சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொண்ணும் லேசா ஒரு தள்ளு தள்ளும். தள்ளு வாங்கினவங்கள்ல முக்காவாசிப் பேர் விழவே மாட்டாங்க. அதனால டெஸ்டைவிட, யார் விழுந்தாங்கன்னு நீங்க சொல்றதுதான் எனக்குப் பெருசு." சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். "யாரும் இல்லேன்னா, காசநோய் மாத்திரையை இன்னைக்கே தொடங்கிடலாம். ரெண்டு மூணு மாசத்துல தெரிஞ்சுடும்."

"மூணு மாசமா?" என்றான் மகன். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

மனைவி கணவன் பக்கம் திரும்பவேயில்லை. சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

ஸ்கேல் சார் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தார். தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார்; அது உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. மேலே ஒரு சதுரம். ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரண்டையும் கறுப்படித்தார். பிறகு பென்சில், 'முதுநிலை வரைவாளர் (ஓய்வு)' என்று எழுதியிருந்த கட்டத்தின்மேல் வந்து நின்றது. நன்றாகவே நின்றது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அவர் அதையும் கறுப்படித்தார், மூலைவரை.

"எந்த வயசுல?" என்றார் டாக்டர், ஆச்சரியப்படாமல்.

"இருபத்தெட்டு. கேமரா விட்டுப் பார்த்தாங்க. பேர் எழுதிக் குடுத்தாங்க."

டாக்டர் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். "இதனால குரோன்னு முடிவாயிடல. ஆனா தராசு அந்தப் பக்கம் நல்லாவே சாயுது. துணுக்கை வேற ஆய்வகத்துக்கு அனுப்பறேன், ஒரு ஸ்கேனும் எடுத்துடலாம். அதுவரைக்கும் காசநோய் மாத்திரை வேண்டாம். நீங்களும் வந்து ஒரு தடவை கேமரா பார்த்துக்கணும் சார். இத்தனை வருஷம் சும்மா விட்டிருக்கக் கூடாது."

"பார்த்துக்கறேம்மா" என்றார். அவர் யாரிடமும் இவ்வளவு சின்னதாகப் பேசியதில்லை.

வெளியே வராந்தாவில் மகன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு நாற்காலி விட்டு அவரும் உட்கார்ந்தார்.

"எட்டு மாசம்ப்பா" என்றான். "ஹோட்டல்ல கண்டதையும் தின்னு வரவழைச்சுக்கிட்டேன்னு எட்டு மாசம் திட்டினீங்க."

அவர் தரை ஓடுகளின் நேர்க்கோட்டைச் செருப்பு நுனியால் தடவினார்.

"உங்களுக்கும் ரத்தம் போச்சா?"

"போச்சுடா."

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப."

மகன் நகர்ந்து பக்கத்து நாற்காலிக்கு வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. அந்த நேரத்தில் ஸ்கேன் சீட்டோடு வந்த அம்மா, இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"பஸ் ஒரு மணி நேரம். நடுவுல எங்கயும் நிக்காது. யாருக்காவது போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க."

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.