வண்டியில் குறையில்லை

"இன்னைக்கும் சூடா அண்ணே?" என்று கேட்டாள் கண்டக்டர்.

"ம்" என்றார் டிரைவர். கேட்டவள் முகத்தைப் பார்க்காமலே இறங்கி, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், கொஞ்சம் ஊற்றினார், மூடினார். அது ஊருக்காக. அப்புறம் கேனும் கையுமாகவே புதர் மறைவுக்கு ஒதுங்கினார். அது தனக்காக.

"இந்த ஓட்டை வண்டியை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் ஓட்டுவீங்க?" என்று ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

"வண்டியைத் திட்டாதீங்க சார், அது வாயில்லாப் பூச்சி. வேணும்னா மெக்கானிக்கைத் திட்டுங்க" என்றாள் கண்டக்டர்.

புதருக்குப் பின்னால் நின்றவருக்கு அது கேட்டது. அவசரமாக வந்ததென்னவோ நாலு சொட்டு. இந்த நாலு சொட்டுக்குத்தான் ஐம்பது பேரை நடுவெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். அவர் வண்டியை எடுக்கும் நேரம் பார்த்து டைம்கீப்பர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார் என்று இருபத்தாறு வருஷமாகப் பேச்சு. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். அதையும் மாத்திரையோடு மாத்திரையாக விழுங்கிவிட்டு ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். எட்டு மாதமாகத்தான் இந்தப் பாடு. வருகிறது என்று தெரிந்த பிறகு நூறு எண்ணுவதற்குள் போயாக வேண்டும்.

போன மாதம் முதல் தடவை பஸ்ஸை நடுவழியில் நிறுத்தியபோது, "என்னாச்சு?" என்று கேட்டார்கள். "இன்ஜின் சூடு" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு டிப்போவின் குறைப் புத்தகத்திலும் அதையே எழுத வேண்டியதாயிற்று. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று, அதற்குத் துணையாக மற்றொன்று. பதினொன்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மனைவி விடுகிற ஆளில்லை.

"டாக்டரம்மா குடுத்த சீட்டை ஆபீஸ்ல குடுத்தீங்களா?"

"குடுக்கலாம்."

"எப்போ? நான் கண்ண மூடின பிறகா?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமில்ல? இவருக்கு மூத்திரம் அடக்க முடியாது, சின்ன ரூட்டாக் குடுங்கன்னு எழுதியிருக்கு. பத்துப் பேர் படிப்பான். நாளைக்கே எனக்குப் புதுப் பேர் வச்சிடுவான்."

"பேருக்குப் பயந்துதான் தண்ணி குடிக்காமக் கிடக்கிறீங்களா? குறைச்சாக் குறைச்சா அது கெட்டியாகி, பையை எரிச்சல் பண்ணி, இன்னும்தான் முட்டும்னு அந்தம்மா சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு."

"இருபத்தாறு வருஷமா ஒரு கைக்குட்டை துவைக்காத மனுஷன், விடியறதுக்கு முன்னால எழுந்து பேன்ட் துவைக்கிறார்னா ஒண்ணுமில்லாமலா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சீட்டு நாலாக மடிந்து அங்கேதான் இருந்தது, மூன்று வாரமாக.

மறுநாள் ஷெட்டுக்குள் நுழையும்போதே மேனேஜரின் குரல் கேட்டது. எதிரே காது நின்றுகொண்டிருந்தார். இன்ஜினில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுகிற மெக்கானிக் என்பதால் அந்தப் பெயர். கடிகாரமும் காதும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஒரே மாசம், ஒரே வண்டி, ஒரே குறை! பம்பை மாத்தினே, ஹோஸை மாத்தினே, தெர்மோஸ்டாட்டை மாத்தினே. இனிமே மாத்தறதுக்கு என்ன பாக்கி? உன்னைத்தான் மாத்தணும்."

"ஐயா, வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டுப் பார்த்துட்டேன்."

"அப்போ டிரைவர் பொய் எழுதறாரா?"

காது திரும்பி டிரைவரைப் பார்த்தார்.

"அவன் பொய் எழுத மாட்டான் ஐயா. என் வேலையிலதான் எங்கேயோ தப்பு. நாளைக்கு நானே கூடப் போய்ப் பார்க்கறேன்."

"நாளைக்குக் கண்டுபிடிக்கலேன்னா மாத்தல் ஆர்டர்தான்."

மாத்தல் என்றால் ஒரு நாள் பயண தூரம். காதின் வீட்டில் நடக்க முடியாத அக்கா ஒருத்தி. மதியம் மணி அடித்ததும் ஓடிப்போய் அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஓடிவருவார். இதெல்லாம் டிரைவருக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாளை ஒரு நாள் நடுவில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டால், சரியாகிவிட்டது என்று எழுதி எல்லாவற்றையும் மூடிவிடலாம். அப்படித்தான் கணக்குப் போட்டார்.

மறுநாள் காது, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இன்ஜின் மூடிமேல் ஒரு சாக்கைப் போட்டு ஏறி உட்கார்ந்தார். கண் எல்லாம் சூடு காட்டுகிற முள்ளின் மேல். தண்ணீர்க் கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டிரைவருக்கு அடிவயிற்றில் முதல் குத்து விழுந்தது.

"முள் நடுவுலயே நிக்குதேடா" என்றார் காது.

"ம்."

"எந்த இடத்துல ஏறும்?"

"இன்னும் கொஞ்சம் போகணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். நூறாயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து. நிறுத்தினால் பொய் உடையும். நிறுத்தாவிட்டால் மானம் உடையும். அடுத்த ஸ்டாண்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.

டிக்கெட்டெல்லாம் கொடுத்து முடித்த கண்டக்டர் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கண்ணே, சூடானாலும் அண்ணன் பார்த்துக்குவார். நிறுத்தின கையோட இறங்குவார், மூடியைத் திறப்பார், தண்ணியை ஊத்துவார். அஞ்சே நிமிஷம்."

"நிறுத்தின கையோடயா?"

"ஆமா."

"ஆறவிடாமயா?"

"ஆறவிட்டா பயணிங்க நம்மளை விட்டுடுவாங்களா?"

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை உடனே திறந்தால் ஆவி பீய்ச்சியடித்து முகம் வெந்துபோகும். நேற்று ஷெட்டில் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும் அது. டிரைவருக்கும் தெரியும். தன் பொய்யில் இருந்த இந்த ஓட்டை இத்தனை நாள் அவருக்குத் தோன்றாமலே போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தார். காதின் கண் இப்போது முள்ளின் மேல் இல்லை, அவர் மேல் இருந்தது.

"வேர்க்குதேடா உனக்கு" என்றார் காது, குரலைத் தாழ்த்தி.

"வெயில்."

"வண்டியை ஓரங்கட்டு."

"முள் ஏறலையே."

"முள் கிடக்குது. நிறுத்துடா!"

நிறுத்தினார். பிரேக்கை மிதித்த காலோடு அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் விட்டுப்போயிற்று. சூடாகத் தொடையில் இறங்கி, சீட்டில் பரவி, முழங்காலுக்குப் பின்னால் ஓடிற்று. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு, எதிரே இருந்த வெறும் சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னண்ணே, இறங்கலையா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்க்க வந்தாள்.

காது கேனைத் தூக்கினார். மூடியைத் திருகினார். அடுத்த கணம் கேன் முழுக்க டிரைவரின் சட்டையும் மடியும் நனையக் கவிழ்ந்தது.

"ஐயோ, கை நழுவிடுச்சு!"

"நல்லா இருக்கே! கேனே பிடிக்கத் தெரியல, இவர் இன்ஜினைப் பிடிக்கிறாராம்" என்றாள் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. காதும் சேர்ந்து சிரித்தார்.

"ஏம்மா, எல்லாரையும் கொஞ்சம் இறங்கச் சொல்லு. தரையைத் துடைக்கணும்."

எல்லோரும் மரத்தடிக்குப் போன பிறகு காது சாக்கால் தரையைத் துடைத்தார்.

"எத்தனை நாளாடா?"

"எட்டு மாசம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்லச் சொல்றே? வயசான காலத்துல..."

"எனக்கு மூலம் வந்தப்போ உன்கிட்டதானே முதல்ல வந்து சொன்னேன்?"

"சொன்னே."

"நீ என்ன பண்ணினே?"

"சிரிச்சேன்."

"நானும் சிரிச்சிருப்பேன். சிரிச்சு முடிச்சிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். ஒரு மாசமா அந்தப் பம்பை எத்தனை தடவை கழட்டி மாட்டினேன் தெரியுமா?"

டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். நனைந்ததைவிட அந்தக் கேள்விதான் அதிகமாகக் கூசிற்று.

சாயங்காலம் பஸ் டிப்போவுக்குத் திரும்பியது. குறைப் புத்தகம் டைம்கீப்பர் ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கும். போகிற வருகிற எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வருவதற்குள் காது அதில் எழுதி முடித்திருந்தார்: 'ஹோஸ் தளர்வு. மெக்கானிக்கின் கவனக்குறைவு. சரிசெய்யப்பட்டது.'

"இதோட முடிஞ்சுது. உன் பேர் வராது" என்றார்.

"மாத்தல் போட்டுட்டா?"

"போட்டா போகட்டும்."

"அக்காவுக்கு மதியம் யார் சாப்பாடு குடுப்பா?"

காது பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தார்.

டிரைவர் அந்தப் பேனாவை வாங்கினார். காது எழுதியதை ஒரே கோடாக அடித்தார். கீழே, 'வண்டியில் குறையில்லை' என்று எழுதினார். கை அங்கேயே நின்றுவிட்டது. வீடு திரும்புகிற டிரைவர்கள் இரண்டு பேர் பின்னால் வந்து நின்றார்கள். கண்டக்டர் கணக்குப் பையோடு பக்கத்தில் நின்றாள். இன்னும் ஈரம் காயாத பேன்ட் காலோடு ஒட்டியது. மறுபடி எழுதினார்.

'ஓட்டுநருக்குச் சர்க்கரை நோய். சிறுநீரை அடக்க முடிவதில்லை. இதுவரை எழுதிய பதினொன்றும் பொய்.' கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து அந்தப் பக்கத்திலேயே வைத்தார். அதுவும் நனைந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

பின்னாலிருந்தவர்களில் ஒருவர் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ இன்னைக்கு அந்தக் கேன்..." என்று ஆரம்பித்த கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பதினோரு தடவையும் நானே மெக்கானிக்கைத் திட்ட வச்சேனேண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டீக்கடையாப் பார்த்து நானே விசில் அடிச்சிருப்பேன்."

அவரால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"இந்தா, குடி" என்று காது ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வாயெல்லாம் காஞ்சு கிடக்கு."

வாங்கிக் குடித்தார். நேற்றைக்குப் பிறகு இதுதான் முதல் வாய். பாதியில் நிறுத்த முடியவில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல முட்டிக்கொண்டு வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். கையில் கேன் இல்லை.

"நான்... போயிட்டு வந்துடறேன்" என்றார்.

ஷெட்டின் கோடியிலிருந்த கழிப்பறைக்கு வெறுங்கையோடு நடந்தார். பின்னால் யாரோ மெல்லச் சிரிப்பதும், "வாயை மூடுடா" என்று காது அதட்டுவதும் கேட்டன. காதுமடல் இரண்டும் பற்றி எரிந்தன. திரும்பிப் பார்க்காமல், நடையையும் கூட்டாமல், போய்க்கொண்டே இருந்தார்.