அழுத்தம் விழும் இடம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, தம்பி மனைவி, பேச்சுப் பயிற்சி தரும் பெண், தம்பி வேலை பார்த்த தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் மேலாளர். வேறு யாரும் இல்லை. கதவுக்கு வெளியே நின்றவர்கள் சாட்சி ஆகமாட்டார்கள்.

தம்பி பதினெட்டு ஆண்டுகள் அந்த நிறுவனத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசும் ஊழியர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு கற்பித்தவன். பக்கவாதம் அவனுடைய வலது கையையும் வாயையும் முடக்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவனால் மறுபடி வகுப்பெடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் மேலாளர் வந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் இவனுடைய மாணவிதான்.

பயிற்சிப் பெண் ஒரு சொல்லை அட்டையில் எழுதி நீட்டினாள்: ரெஸ்பான்சிபிலிட்டி.

"அவசரமே இல்ல சார். துண்டு துண்டா சொல்லுங்க."

"ரெ..." என்றான் தம்பி. மறுபடியும் "ரெ..." அதற்குமேல் எச்சில்தான் வந்தது. அவன் மனைவி துடைத்துவிட்டாள்.

"நேத்து மூணு துண்டு வந்துச்சு அத்தான். வேணும்னா இவங்களக் கேளுங்க," என்றாள் என்னிடம்.

மேலாளர் பதறிப்போய், எடுத்துக்கொடுப்பதாக நினைத்துத் தானே அந்தச் சொல்லைச் சொன்னார். அழுத்தத்தை 'பான்' மேல் போட்டுவிட்டார். உடனே தம்பியின் இடது விரல் மேசையை ஆறு முறை தட்டியது. நான்காவது தட்டு மட்டும் ஓங்கி விழுந்தது. அது 'பி'.

மேலாளர் சிரித்துவிட்டார். "'வால் ஒட்டினா அழுத்தம் இடம் மாறிடும், கல்யாணம் ஆனவன் பாசம் மாதிரி'ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க சார்! ரெஸ்பான்சிபிள்னா 'பான்', பின்னாடி 'இட்டி' வந்தா 'பி'. எனக்கு இன்னும் வரல பாருங்க."

தம்பி பாதி முகத்தால் சிரித்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விரல் எல்லாம் சரியா சொல்லுது. ஆனா பாடம் கேக்க வர்றவங்க உங்க வாயைத்தானே சார் பாப்பாங்க?"

மேலாளர் நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இன்னும் மூணு மாசம் பாக்கலாம். நான் மேல பேசறேன். பாவம், சார்..."

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் 'பாவம்' என்ற சொல்லை வாங்கியதில்லை. "வேண்டாம்மா," என்றேன்.

"அத்தான், மூணு மாசந்தானே..." என்று தொடங்கியவளைக் கையமர்த்தினேன். தாள் வாங்கி விலகல் கடிதத்தை நானே எழுதினேன். தம்பி என்னை வெகுநேரம் பார்த்தான். "ரெ..." என்றான். பிறகு இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

நிறுவனம் அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. நாங்களே விலகினோம்.