பெயர் அழிந்த ஸ்லைடு

செல் பாடம் எடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புத்தகப் படத்தைப் பார்த்து வரைய யாரையும் விடமாட்டேன். கல்லூரி முதல் வருடத்தில் கோட்டை விட்டுவிட்டு என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், செல் என்றால் பாதியாக வெட்டிய வேகவைத்த முட்டை என்றே நம்பிக்கொண்டு வருகிறார்கள். அவரவர் செல்லை அவரவர் கண்ணால் பார்க்கட்டும் என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் வருடக்கணக்காக ரத்தம் பார்த்துக் கண் பூத்துப்போய் வேலையை விட்டபோது, அவர்கள் தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தது.

இப்போது என்னிடம் மூன்று பேர் படிக்கிறார்கள். ஒருத்தி என் மகள். பெற்ற தாயிடமே டியூஷன் படிப்பதைப் போன்ற மானக்கேடு உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி. அடுத்தவள் பேக்கரிக்காரர் மகள். வாயைத் திறந்தால் முதலில் கொட்டாவிதான் வரும், அதனால் பெயரே கொட்டாவி. மூன்றாவது நெட்டை. கல்லூரி ஓட்டப்பந்தயங்களில் கோப்பை வாங்குகிறவன். என் வீட்டு நிலைப்படியில் மட்டும் குனிய மறந்து தலையை இடித்துக்கொள்வான்.

அன்று மதியம் பாடம், உட்கரு உள்ள செல்லும் இல்லாத செல்லும். ரத்தத்தைவிட இதற்குத் தோதான உதாரணம் கிடையாது. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, வெள்ளணுவுக்கு உண்டு. ஆளுக்கொரு புது ஊசி கொடுத்தேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து மெல்லிசாக இழுத்தார்கள்.

"பேரை பென்சில்ல எழுதுங்க. ஓரத்துல சொரசொரன்னு இருக்குல்ல, அங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் என் மகள் தன் சாமர்த்தியத்தைக் காட்டிவிட்டாள். பென்சில் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லையாம். மூன்று ஸ்லைடிலும் மார்க்கர் பேனாவால் பளிச்சென்று எழுதி, ஒரே தட்டில் அடுக்கிச் சாயத்தை ஊற்றியிருந்தாள். அந்தச் சாயத்தில் பாதிக்கு மேல் ஆல்கஹால், மார்க்கர் மையைக் கரைத்துவிடும். கழுவி எடுத்தபோது மூன்றிலும் பெயர் இருந்த சுவடே இல்லை.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"விடும்மா. யாரோடதா இருந்தா என்ன, எல்லாம் ரத்தம்தானே," என்றாள்.

நெட்டைதான் முதலில் குனிந்து பார்த்தான். இரண்டு ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டினான். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

"டீச்சர், உட்கரு ஒண்ணு ரெண்டுதான் தெரியும்னு சொன்னீங்க. இங்க ஊரே கூடி நிக்குது."

"நகரு," என்று அவனைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தேன்.

பார்த்த எல்லா இடத்திலும் ஊதா. பெரிய பெரிய வெள்ளணுக்கள். செல் முழுக்க உட்கருவே அடைத்துக்கொண்டு, சுற்றிலும் மெல்லிய விளிம்பு மட்டும். இந்த முகங்களை எனக்குத் தெரியும். லேபில் இப்படி ஒன்று வந்தால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரிய டாக்டருக்குப் போன் போடுவோம். புற்றுநோய் என்ற வார்த்தையை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

இந்த மூன்று பேரில் ஒருவருடைய ரத்தம் அது. யாருடையது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"சாயம் சரியா ஏறல. மறுபடி குத்தணும்," என்றேன். மூவரும் முனகினார்கள். இந்த முறை நானே பென்சிலால் எழுதினேன், எழுதியதை இரண்டு தரம் சரிபார்த்தேன். கொட்டாவி கொண்டுவந்திருந்த பன்களோடு அவர்களை உள்ளறைக்கு அனுப்பினேன்.

சாயம் ஊறுகிற நேரத்தை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை. என் மகள் விடுமுறை நாளில் மதியம் வரை தூங்குகிறாள். சோம்பேறி என்று வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். அவள் முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போன ஒரு தடம் இருக்கிறது. கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றாள். உண்மையிலேயே இடித்துக்கொண்டாளா? இந்த நோயில் களைப்பும் உண்டு, இப்படிக் கன்றிப்போவதும் உண்டு. என் பெண்ணாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். வேண்டுதல் அதோடு நிற்கவில்லை. அந்தக் கொட்டாவியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு தானாக ஆளைக் காட்டியது. எந்நேரமும் களைத்துக் கிடக்கிறாளே, அவளாகத்தான் இருக்கும் என்று நியாயம்கூடக் கண்டுபிடித்தேன். இன்னொருவர் பெற்ற பெண்ணை நான் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து பலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கழுவினேன். முதலில் என் மகளுடையதை வைத்தேன். வெளிர்சிவப்பு வட்டங்கள், நடுவே ஒரே ஒரு வெள்ளணு. நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். சுத்தமான ரத்தம். மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்து கொட்டாவி. அவளுடையதும் சுத்தம். அப்பாவோடு விடியலில் எழுந்து மாவு பிசைகிற பெண் கொட்டாவி விடாமல் என்ன செய்வாள்?

மூன்றாவதைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தேன். அதே ஊதா. உள்ளறையில் நெட்டை, வாயில் பன்னை வைத்துக்கொண்டு என்னைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். துணி ஆலையில் தையல் வேலை. பாதி வேலையில் கிளம்பி வந்தாள், சட்டையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. உள்ளே கூப்பிடாமல் மாடிப்படியில் உட்காரவைத்தேன். நான் டாக்டர் இல்லை என்பதை முதலில் சொன்னேன். பிறகு மீதியைச் சொன்னேன். முதலில் பெயர் அழிந்துபோனதையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவன் போன வாரம்கூட ஓடி ஜெயிச்சான் டீச்சர்."

"தெரியும்மா."

"பேரு அழிஞ்சு போச்சுன்னு நீங்களே சொல்றீங்க."

"அது மொதல்ல எடுத்தது. ரெண்டாவது நானே எழுதினேன். தப்பு இல்ல. நாளைக்குக் காலைலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நானும் வரேன்."

அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கதவைப் பார்த்தாள், பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அது உங்க பொண்ணோடதா இருக்கக் கூடாதா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயம். அவளிடம் கோபப்பட எனக்குத் துளியும் யோக்கியதை இல்லை.

"இல்லம்மா," என்றேன். "அவளோடதத்தான் மொதல்ல பார்த்தேன்."