கூரைக்கு அனுப்பிய கண்

பட்டால்தான் தெரியும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்குப் பட்டும் தெரியவில்லை. போன மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து சறுக்கி விழுந்து காலில் கம்பி வைத்துக்கொண்டவர், ஊன்றி நடக்க ஆரம்பித்ததுமே பழைய குருடி கதவைத் திறடி என்று ஏணியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். கூரை எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓடு மாற்றுவதும் பூசுவதும் அவர் தம்பி. சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். ஆனால் ஒழுகலைக் கண்டுபிடிக்க அவனால் ஆகாது. வடக்கே ஓட்டை இருந்தால் தெற்கே பூசிவிட்டு வருவான். அதனால் எந்த வீடானாலும் முதலில் இவர் ஏறிப் பார்த்தாக வேண்டும்.

"மேல ஒரு கண்ணு இருந்தாப் போதும்ல? அதுக்கு ஏன் முழு ஆளும் ஏறணும்?" என்றேன்.

"கண்ணை மட்டும் கழட்டி அனுப்பவா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விழுந்தபோது கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சரி, கண்ணைக் கழற்றித்தான் அனுப்பப்போகிறேன் என்று முடிவு செய்தேன்.

நான் தையற்காரி. எனக்குத் தெரிந்த மின்சாரம் இஸ்திரிப் பெட்டியோடு சரி. கைப்பேசியில் ஒருவர் வீட்டிலேயே ட்ரோன் செய்து காட்டினார். பேசிய பாஷை புரியவில்லை, கை செய்தது புரிந்தது. கடையில் விற்கும் ட்ரோனின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அதனால் இருப்பதிலேயே மலிவாக நான்கு மோட்டார், காத்தாடிகள், பேட்டரி, ரிமோட், மோட்டார்களை அடக்கி ஆளும் ஒரு சர்க்யூட் பலகை, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கேமரா எல்லாம் வரவழைத்தேன். உடம்புக்கு என் பழைய மர அளவுகோல். இரண்டாக அறுத்துப் பெருக்கல் குறி போல வைத்து, மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினேன். கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒயர்களுக்கு ஈயம் பற்றவைத்தபோதுதான் விரலெல்லாம் வெந்துபோனது.

"அண்ணி, இது பறக்குமா, இல்ல சட்டை தைக்குமா?" என்றான் பல்லி.

இதற்கிடையே பழைய நூலகத்திலிருந்து ஆள் வந்தது. மூன்று மாடி உயரம், செங்குத்தான கூரை, பாசி வேறு. இவர் யோசிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டார். நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"இது பறந்துச்சுன்னா நீங்க இனிமே தரையிலதான். பறக்கலைன்னா நான் வாயே திறக்கமாட்டேன். சம்மதமா?"

"நீ வாயைத் திறக்காம இருப்பியா? அதுக்காகவே சம்மதம்!" என்றார்.

முற்றத்தில் வைத்து ரிமோட்டின் குச்சியைத் தள்ளினேன். பின்பக்கம் தரையைக் கவ்விக்கொள்ள, முன்பக்கம் மட்டும் எழும்பி, பின்னால் பல்டி அடித்து மல்லாந்து விழுந்தது. நிமிர்த்தி வைத்தேன். மறுபடி பல்டி. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நானும் மோட்டாரைத் திட்டினேன், பேட்டரியைத் திட்டினேன், காற்றைக்கூட விடவில்லை. இவர் கூரை ஏறும்போது இடுப்பில் கட்டும் கயிற்றை எடுத்து முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார்.

அழுகையை அடக்க வேலையில் உட்கார்ந்தேன். ஒருவர் கேட்ட சதுரத் தலைத்துணிக்கு ஓரம் அடித்து முடித்து, மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்தேன். எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அப்படியே துணியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

காத்தாடியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றினால் தூக்கும், மற்றது வலப்பக்கமாகச் சுற்றினால் தூக்கும். இத்தனை வருடம் சட்டைக்கு இடக்கை, வலக்கை தைத்த புத்தி, இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி என்று மாட்டிவிட்டது. ஆனால் மோட்டார்கள் அப்படிச் சுற்றவில்லை. ஒவ்வொரு மோட்டாரும் சுற்றும் திசைக்குத் தையல் சாக்கட்டியால் நானே போட்டு வைத்த அம்புக்குறிகளைப் பார்த்தேன்: எதிரெதிர் மூலைகள்தான் ஜோடி. பின்னால் இருந்த இரண்டும் தூக்குவதற்குப் பதிலாக அழுத்திக்கொண்டிருந்திருக்கின்றன. கழற்றி, மாற்றி மாட்டினேன்.

அது எழும்பியது. குடித்தவன் போலத் தள்ளாடினாலும், ஜன்னல் உயரத்தில் நின்றது. பல்லி கைதட்டினான். இவர் கயிற்றைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முற்றத்திலேயே கை பழகும்வரை ஓட்டிவிட்டு நூலகத்துக்குப் போனோம். இவர் முக்காலியில் உட்கார்ந்தார். மேலே கேமரா பார்ப்பது அவர் மடியிலிருந்த கைப்பேசியில் தெரிந்தது.

"கொஞ்சம் இடது... இன்னும்... நில்லு! ஓடு நல்லாத்தான் இருக்கு. மூலையில தண்ணி போற தகரம் விலகியிருக்கு பாரு. பல்லி, அங்கதான்டா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ட்ரோனைத் திருப்பி எங்கள் தலைக்கு மேல் கொண்டுவந்தேன். இவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். திரையில் ஒரு முக்காலி, ஒரு வழுக்கைத் தலை, பக்கத்தில் கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கும் ஒரு பொம்பளை.

"நான் மேல நிக்கும்போதெல்லாம் நீ இப்படித்தான் நிப்ப. வாயை மூடக்கூட மறந்துட்டு."

"நீங்க கீழ பாத்ததே இல்லைன்னு நினைச்சேன்."

"ஒவ்வொரு தடவையும் பாப்பேன்," என்றார். "விழுந்த அன்னைக்கும் உன்னைப் பாக்கத்தான் திரும்பினேன்."

என் கண் நிறைந்துவிட்டது. விரல் நழுவி, ட்ரோன் வேலிச்செடிக்குள் போய் விழுந்தது. ஒரு காத்தாடி போச்சு. போகட்டும்.

மறுநாள் காலை அந்த இடுப்புக் கயிறு வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடியாகக் கட்டியிருந்தது. உயரம் பார்க்கத் தெரியாத மனுஷன், எனக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார். ஈரச் சட்டையோடு அண்ணாந்து நின்றேன். அவர் தரையில் நின்றபடியே கையை நீட்டி வாங்கிக் காயப்போட்டார்.