டிரம்ஸுக்குள் மாட்டிக்கொண்ட குரல்

1968 மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பாடகிக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, சத்தம் கலக்காமல் நிற்கும் தடுப்புப் பலகையை நகர்த்தினேன். மிஸ்டர் ஹாய்ட் அப்போது போனில் இருந்தார், அவரிடம் கேட்கவில்லை. "ராஸ்கோ மூஞ்சி தெரியாம எனக்குப் பாட்டு வராது" என்று மிஸ் ஒடெஸ்ஸா சொன்னார். நகர்த்தினேன், பாட்டு வந்தது. முடிந்ததும் பலகையைத் திரும்பவும் கோட்டிலேயே வைத்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மாலை மின்னியல் வகுப்பில் மின்தடைக் கணக்கிலும் ஒன்று தப்பு.

மறுநாள் காலை நெல்டா கிராடக் ஸ்டுடியோவுக்கு வந்தபோது, அந்தச் சிறு தவறு அவளுக்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

ஹாய்ட் லாசிட்டரின் ஸ்டுடியோ, ஆற்றங்கரைச் சாலையில் முன்பு டயர் கடையாக இருந்த கட்டிடம். மழை நாளில் இன்னும் ரப்பர் வாசனை வரும். தரை முழுக்க சாக்பீஸ் கோடுகள். மைக் எங்கே நிற்க வேண்டும், ஆர்கன் எங்கே, பேஸ் கிட்டார்காரன் டூலியின் முக்காலி எங்கே, தடுப்புப் பலகை எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஹாய்ட் தானே முட்டி போட்டுக் கோடு போட்டிருந்தார். திங்கட்கிழமை கறுப்பர்களின் சோல் பாட்டுப் பாடுகிறவர் வருவார், புதன்கிழமை வெள்ளைக்காரர்களின் கன்ட்ரி பாட்டுப் பாடுகிறவர் பூட்ஸைத் தட்டிக்கொண்டு வருவார், இடையில் யாராவது ஒரு ப்ளூஸ் கிழவர் ஒற்றைக் கிட்டாரோடு வந்து உட்காருவார். தரை ஒன்றுதான், கோடுகளும் அவையேதான். அந்தக் கோடுகளிலிருந்து எழுந்துவந்த ஆல்பங்களை வடக்கே பெரிய நகரங்களில் கேட்கிறவர்கள், இது என்ன தண்ணீர், என்ன மண் என்று கேட்டு எழுதுவார்கள். ஹாய்ட் சிரித்துக்கொண்டே, "சாக்பீஸ்தான்" என்பார்.

ஒலிப்பதிவு மேஜையில் பல வருஷம் உட்கார்ந்திருந்த கார்லண்டு, நாஷ்வில்லுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதுவரை டேப் சுற்றிக்கொண்டும் ஒயர் பற்ற வைத்துக்கொண்டும் இருந்த நெல்டாவை ஹாய்ட் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார வைத்தபோதே சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு ஆல்பம் உன்னோடது. திங்கட்கிழமை டேப் பஸ் ஏறணும். ஏத்துறதுக்கு முன்னாடி முழுசாக் கேப்பேன். நல்லா இருந்தா நாற்காலி உனக்கு. இல்லன்னா பர்மிங்காம்ல ஒருத்தன் பெட்டி கட்டி வெச்சுக்கிட்டு உட்காந்திருக்கான்."

ஒன்பது பாட்டு குறையில்லாமல் வந்துவிட்டது. பத்தாவதுதான் நேற்று முடிந்தது. ஒடெஸ்ஸா ப்ரூயிட் அதைப் பாடி முடித்ததும் டூலி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். அப்படி ஒரு பாட்டு.

ஹாய்ட் காபியோடு வந்து சுவரில் சாய்ந்தார். "போடு, கேப்போம்."

நெல்டா டேப்பை ஓட்டினாள். ஆர்கன் மெல்ல எழுந்தது, ராஸ்கோவின் டிரம்ஸ் அதன் தோளைத் தொட்டது. ஒடெஸ்ஸாவின் குரல் வந்தது. எல்லாம் சரியாகத்தான் போயிற்று, கடைசிச் சரணம் வரைக்கும். அங்கே, பாட்டின் உயிரே அந்த வரிதான், "கதவைத் திறந்துதான் வெச்சிருக்கேன், வர்றதுன்னா வா" என்கிற இடத்தில், பாடகியின் குரல் போர்வைக்குள் போனது மாதிரி மங்கி, கொஞ்சம் ஆர்கன் மட்டும் போன பிறகு அடுத்த வரியில் தெளிவாகத் திரும்ப வந்தது.

"நிறுத்து. அங்க எங்க போனாங்க அந்தம்மா?"

"மீன் வாங்கப் போயிருப்பாங்க" என்றான் டூலி.

ஹாய்ட் சிரிக்கவில்லை. "மைக்க விட்டுத் திரும்பியிருக்காங்க. பரவால்ல, ஒரு வரிதானே? வந்ததும் அந்த ஒரு வரிய மட்டும் பாட வெச்சு அது மேலயே பதிஞ்சிடலாம்."

ஒடெஸ்ஸா எந்தப் பக்கம் திரும்பினார் என்று நெல்டாவுக்குத் தெரியும். ராஸ்கோவின் பக்கம். நடுவில் பலகை இல்லை. அப்படியானால் அந்த வரி டிரம்ஸின் மைக்குக்குள் போயிருக்கும். டேப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டிராக்; பாடகியின் டிராக்கில் வேறு குரலைப் பதியலாம். டிரம்ஸ் டிராக்கில் மாட்டிக்கொண்டதை என்ன செய்வது? ஒருவேளை கேட்காது, என்று நினைத்தாள். நினைத்த உடனேயே அது பொய் என்றும் தெரிந்தது.

பொரித்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் கட்டிய காகிதப் பொட்டலங்களோடு ஒடெஸ்ஸா வந்தார். பெரிய உடம்பு, சின்னத் தொப்பி. "யாரும் தொடாதீங்க. பாடிட்டுத்தான் சாப்பாடு. டூலி, உன்னைத்தான் சொல்றேன்."

"வாசனைகூடப் பிடிக்கக் கூடாதா, மிஸ் ஒடெஸ்ஸா?"

"பிடி. மூக்கால மட்டும்."

அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியைப் பாடினார். சுத்தமாக, அழகாக. நெல்டா சரியான இடத்தில் பொத்தானை அழுத்தி, சரியான இடத்தில் விட்டாள். திரும்ப ஓட்டினார்கள்.

புதுக் குரல் முன்னால் பாடியது. அதன் பின்னாலேயே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, பழைய குரலும் பாடியது. இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டன.

"இது யாரு?" என்றார் ஹாய்ட். "பேயா?"

நெல்டா டேப்பை நிறுத்தினாள்.

"நான்தான், மிஸ்டர் ஹாய்ட்" என்றாள் நெல்டா. "குரல் அவங்களோடது. தப்பு என்னோடது. நேத்து நீங்க போன்ல இருந்தப்ப பலகைய எடுத்தேன். அவங்க குரல் டிரம்ஸ் டிராக்குல போயிடுச்சு. காலைலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சொல்லல."

"நான் கேட்டுத்தான் எடுத்தா" என்றார் ஒடெஸ்ஸா. "பலகைக்கு முன்னாடி நின்னு பாட நான் என்ன வேலிக்கா பாடுறேன்?"

"நீங்க கேப்பீங்க, மிஸ் ஒடெஸ்ஸா. கேக்கறது உங்க வேலை." ஹாய்ட்டின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நெல்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ராஸ்கோ ஜார்ஜியாவுல அண்ணன் கல்யாணத்துக்குப் போயிட்டான். செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி வரமாட்டான். அந்த டிரம்ஸ இன்னொருத்தன் வாசிச்சா அந்தப் பாட்டு இல்ல." கோப்பையை வைத்துவிட்டுச் சுவரிலிருந்து நிமிர்ந்தார். "பர்மிங்காம் நம்பர் எங்க வெச்சேன்?"

அவர் முன்னறைக்குப் போனார். டயல் சுற்றும் சத்தம் இங்கே வரை கேட்டது.

டூலி ஒரு பொட்டலத்தைப் பிரித்து நெல்டாவின் முன்னால் வைத்தான். "சாப்பிடு. பசியோட அழுதா விக்கல் வரும்."

"அழல" என்றாள். உண்மையில் அவள் அழவில்லை. அவள் கை டிரம்ஸ் டிராக்கின் குமிழ் மேல் இருந்தது. அதை இறக்கிப் பார்த்தாள். குரல் போனது, கூடவே டிரம்ஸும் போனது. கொஞ்சம் இறக்கினாள், கொஞ்சம் ஏற்றினாள். இப்படிச் செய்தால் அப்படி, அப்படிச் செய்தால் இப்படி என்று வகுப்புக் கணக்கு போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் பாடகியின் டிராக்கை அந்த ஒரு வரிக்கு முழுசாக மூடிவிட்டு, டிரம்ஸை நன்றாக ஏற்றினாள்.

டேப்பில், அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒடெஸ்ஸா பாடினார். தூரத்தில், தனியாக, யாரோ வருவார்களா என்று வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு ஆர்கனும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டிருந்தன. அந்த வெற்றிடம், நாளைக்கு வந்து ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதப்போகும் ஹார்ன்காரர்களுக்காக ஹாய்ட் விட்டு வைத்தது.

மென்றுகொண்டிருந்த ஒடெஸ்ஸா நிறுத்தினார். "இன்னொரு தடவை போடு, கண்ணு."

போட்டாள்.

"இது எங்க சர்ச் டீக்கன் பிரதர் ஹம்ப்ரி மாதிரி இருக்கு" என்றார் ஒடெஸ்ஸா. "எங்க சபைல பாட்டுப் புஸ்தகம் கிடையாது. அவரு முன்னாடி நின்னு ஒரு வரி எடுத்துக் குடுப்பாரு. மெலிஞ்ச குரல், கடைசி பெஞ்சுல கேக்காது. அவரு முடிச்சப்புறம் சபை மொத்தமும் அதே வரியை வாங்கி இழுத்துப் பாடும். ஜன்னல் ஆடும்."

நெல்டா அவரைப் பார்த்தாள். பிறகு அந்த வெற்றிடத்தைத் திரும்ப ஓட்டினாள்.

"அப்ப அவரு முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க, மிஸ் ஒடெஸ்ஸா" என்றாள். "முடிச்சப்புறம் சபை வரட்டும்."

டூலி விசில் அடித்தான். நெல்டாவின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. போனது, நின்றது. அவள் எழுந்து முன்னறைக்கு நடந்தாள்.

ஹாய்ட் காதில் போனோடு நின்றார். "ஆமாப்பா, திங்கட்கிழமையே வந்துரு, வந்து—" அவளைப் பார்த்ததும் போனின் வாயைக் கையால் மூடினார். "என்ன?"

"டிரம்ஸ் டிராக்க ஏத்தணும், மிஸ்டர் ஹாய்ட். ஹார்னுக்கு வெச்ச இடமும் எனக்கு வேணும். கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

"ஏத்தணுமா? இறக்கத்தானே இவ்வளவு பாடு?"

"இறக்கினா மறைஞ்சு நிக்குற ஆள் மாதிரி இருக்கு. ஏத்தினா கூப்பிடுற ஆள் மாதிரி இருக்கு." இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. "பழைய குரல் வரியக் குடுக்கட்டும், புதுக் குரல் வாங்கிப் பாடட்டும். அந்த இடத்துல ஹார்ன் வேண்டாம்."

ஹாய்ட் அவளையே பார்த்தார். போனை மேஜை மேல் படுக்க வைத்தார். "ஒரே ஒரு தடவை."

ஒடெஸ்ஸா கையைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார். டேப் ஓடியது. தூரத்துக் குரல் கதவைத் திறந்து வைத்தது. ஒடெஸ்ஸா கண்ணை மூடிக் காத்திருந்தார். அது முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அவ்வளவு தாமதம் ஆகுமென்று நெல்டா நினைக்கவில்லை. அப்புறம் அந்த வரியை வாங்கினார். வாங்கி, நீட்டி, வளைத்து, ஒவ்வொரு சொல்லையும் ஆறு கடந்து வருகிறவளைப் போல ஏற்றி இறக்கி வைத்தார். ஜன்னல் நிஜமாகவே ஆடியதா என்று நெல்டா பார்க்கவில்லை. அவள் கண் பொத்தானில் இருந்தது. விட வேண்டிய இடத்தில் விட்டாள்.

திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். முடிந்தும் ஹாய்ட் சுவரை விட்டு நகரவில்லை.

"எங்க மலைச் சபைல எங்க மாமா கோல்மன்தான் வரி எடுத்துக் குடுப்பாரு" என்றார் கடைசியில். "மூக்காலதான் பாடுவாரு. மத்தவங்க எல்லாம் அவரு மேல ஏறி நின்னு பாடுவோம்."

"உங்க வெள்ளைக்காரச் சபைலயுமா?" ஒடெஸ்ஸா இடுப்பில் கை வைத்தார். "எங்ககிட்ட இருந்து எடுத்துட்டுப் போய், மூக்க மட்டும் சொந்தமாச் சேத்தீங்களாக்கும்."

"மிஸ் ஒடெஸ்ஸா, அந்த மூக்கை வெச்சுத்தான் நான் பாதி கன்ட்ரி ஆல்பம் வித்திருக்கேன்."

ஒடெஸ்ஸா தொப்பி நழுவச் சிரித்தார். ஹாய்ட் அந்தப் பலகையின் பக்கம் நடந்து போய், கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"நெல்டா, ஹார்ன்காரங்களுக்கு அந்த இடத்துல சும்மா இருக்கணும்னு நீயே சொல்லு. நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க. அப்புறம் இந்தக் கோடு."

"திரும்ப நகர்த்த மாட்டேன், மிஸ்டர் ஹாய்ட்."

"நகர்த்து. ஆனா என் கண்ணு முன்னாடி நகர்த்து. ராஸ்கோ மூஞ்சி தெரியணும். அதே சமயம் குரல் எவ்வளவு போகணுமோ அவ்வளவுதான் போகணும். எங்கன்னு நீ கண்டுபிடி."

முன்னறைப் பக்கம் போயிருந்த டூலி அங்கிருந்து கத்தினான். "ஹாய்ட்! பர்மிங்காம்காரர் இன்னும் லைன்லதான் இருக்காரு! பாட்டு யாரோடதுன்னு கேக்குறாரு!"

ஹாய்ட் போய்ப் போனை எடுத்தார். "மன்னிச்சுக்கப்பா. அந்த நாற்காலில ஆள் உட்காந்துட்டாங்க."

1968 மார்ச் 15, வெள்ளி.

கணக்கு வாத்தியாரிடம் மின்தடைக் கணக்கைத் திரும்பக் கேட்க வேண்டும், அது செவ்வாய்க்கிழமை. நாளை, ஹார்ன்காரர்கள் வருவதற்கு முன்னால், பலகையின் பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மிஸ்டர் ஹாய்ட் பார்க்கப் புதுக் கோடு போட வேண்டும். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. வரும் வழியில் வாங்க வேண்டும்.