தண்ணீருக்கு முன்னால் கிக்குனோ

ஒன்பதாவது நாளும் மாடுகள் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. அடியோடு குடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்படியானால் இந்நேரம் செத்துப்போயிருக்கும். தொட்டிக்கு வந்து, பூனை பால் நக்குவதுபோல நாக்கை நீட்டி இரண்டு நக்கு நக்கிவிட்டு, யாரோ அதட்டியதுபோலத் தலையைத் தூக்கிப் பின்வாங்கின. அறுநூறு கிலோ எடையுள்ள பிராணி பூனைபோல நக்குவதைப் பார்த்து ஸென்ஜி தொகாஷிக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. அதன் பிறகு வரவில்லை.

வெளியே மைனஸ் இருபத்தேழு. பனிப்பாளங்கள் மிதந்து வந்து கரையை அடைத்துக்கொண்டதிலிருந்து கடலின் சத்தமும் நின்றுபோயிருந்தது. பிறந்ததிலிருந்து ஸென்ஜியின் காதில் இருந்த சத்தம் அது. இப்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை. தொழுவத்தில் நாற்பத்தொரு மாடுகள் நெருக்கியடித்து நின்றன. முகவாய் மயிரெல்லாம் உறைபனி. சாணம் விழுந்த பத்தாவது நிமிடம் கல்லாகிவிடும். பால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தீவனத்தையும் பாதி மிச்சம் வைத்தன. தண்ணீர் இறங்காத மாட்டுக்குத் தீவனமும் இறங்காது. இன்னும் நாலைந்து நாள் இப்படியே போனால், பால் வற்றுவதைப் பற்றிக் கவலைப்பட மாடு இருக்காது.

தண்ணீர்மேல் குறை சொல்ல ஸென்ஜிக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதைச் சூடாக்கும் ஹீட்டரைத் தொட்டிக்குள் பொருத்தியது அவனேதான். குளிர் உச்சத்துக்குப் போன அன்று, ஹீட்டரைப் போடும்போதெல்லாம் தொழுவத்து மின்பெட்டியில் சுவிட்ச் பட்டென்று விழுந்தது. நாலு தடவை தூக்கிவிட்டான், நாலு தடவையும் விழுந்தது. எலெக்ட்ரீஷியன் மூன்று நாள் கழித்து வருவதாகச் சொன்னார். மூன்று நாளில் தொட்டி பாறையாகிவிடும். ஆகவே ஸென்ஜி பால் அறையிலிருந்த பழைய பெட்டியிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தான். அந்தப் பெட்டியில் எதுவும் விழாது. தானாக விழும் சுவிட்சே அதில் இல்லை, கையால் இறக்குவதுதான். தண்ணீர் உருகி, வெதுவெதுப்பாகி, ஆவி பறந்தது. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தன்னைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அது அடிக்கடி நடப்பதில்லை. எலெக்ட்ரீஷியனையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"ஏங்க, அந்த ஆளு வந்து ஒரு எட்டு பாத்துட்டுத்தான் போகட்டுமே," என்றாள் மனைவி ஃபூமியே.

"எதுக்கு? தண்ணி எப்படி இருக்கு தெரியுமா? கைய வச்சுப் பாத்தேன். உங்க அண்ணன் வீட்டுக் குளியல் தொட்டிய விட ஜோர்."

"அப்ப ஏன் குடிக்க மாட்டேங்குதுங்க?"

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. பதிலின் பெயர் கிக்குனோ.

கிக்குனோவுக்குப் பதினோரு வயது. மந்தையின் தலைவி. தீவனத்தில் முதல் வாய் அவளுடையது, பால் கறக்கும் வரிசையில் முதல் இடமும் அவளுடையது. சின்ன வயதில் பனியில் கருகி வலது காதின் நுனி போயிருந்தது. குளிர் உச்சமான மறுநாளிலிருந்து அவள் தொட்டிக்கு முன்னால் குறுக்கே நிற்கத் தொடங்கினாள். காலையில் அங்கே நின்றாள், மாலையிலும் அங்கேயே நின்றாள். தாகம் எடுத்தால் சுவரில் படிந்த உறைபனியை நக்கிக்கொண்டாள். கிட்டே வந்ததையெல்லாம் நெற்றியால் முட்டித் தள்ளினாள். நாலு மாடுகளுக்கு விலாவில் வீக்கம். அவள் கண்ணயர்ந்த நேரத்தில் திருட்டுத்தனமாக வந்தவைதான் அந்த இரண்டு நக்கு நக்கின.

"தானும் குடிக்க மாட்டேங்குறா, மத்ததையும் விட மாட்டேங்குறா," என்றான் ஸென்ஜி. "வயசானா சில பேருக்கு இப்படித்தான் புத்தி போகும்."

"யாரச் சொல்றீங்க?"

"மாட்டத்தான்."

இந்த வருஷம் அவள் சினையும் பிடிக்கவில்லை. ஒரு மாட்டுக்காக நாற்பதை இழக்க முடியாது. ஏழாவது நாளே, கறிக்கு மாடு ஏற்றும் லாரிக்குச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, கிக்குனோவின் பக்கம் போகாமல் சுற்றுவழியாகத் தீவனம் தள்ளினான்.

ஒன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு லாரி வந்தது. அதில் ஏற்கெனவே வேறு பண்ணைகளின் மூன்று மாடுகள் நின்றன. மூன்றும் போகிற இடம் ஒன்றுதான். டிரைவர் ஹண்டா குதித்து இறங்கி ஸென்ஜியின் முகத்தைப் பார்த்தார்.

"தொகாஷி-சான், ஏறப்போறது மாடா, நீங்களா? மூஞ்சியப் பாத்தா தெரியலியே."

"எனக்கு யாரு விலை குடுப்பா? எலும்புதான் இருக்கு."

"அதுவும் சரிதான். கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட ஸென்ஜி ரப்பர் கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகினான். பேனா மை உறைந்திருந்தது. ஹண்டா அதை வாயில் வைத்து ஊதிக் கொடுத்தார்.

கிக்குனோ அடம்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தொழுவத்து வாசலில் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தாள். கடைசியாக ஒருமுறை தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து அவன் கையைத் தூக்கி ஆட்டினான். அவள் பார்த்தது தொட்டியை. பிறகு சாய்பலகையில் ஏறிப் போய்விட்டாள்.

ஸென்ஜி தொழுவத்துக்குத் திரும்பினான். அவள் போனதும் மாடுகள் முண்டியடித்துக் குடிக்கும், அதைப் பார்த்தால் மனசு ஆறும் என்று எண்ணியிருந்தான். மாடுகள் வரத்தான் செய்தன. நாற்பதும் வந்து, தொட்டியைச் சுற்றிப் பிறைபோல நின்றன. ஒன்றுகூட முட்டவில்லை, ஒன்றுகூடக் கத்தவில்லை. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. நாற்பது மூக்கிலிருந்தும் ஆவி எழுந்தது. தாகத்தில் நாக்குத் தொங்கும் மாடுகள் தண்ணீருக்கு நாலடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"குடிங்கடி," என்றான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "போலீஸ்காரி போயாச்சு. குடிங்க."

முதல் கன்று போட்டு ஒரு மாதமே ஆன இளம் பசு ஒன்று கூட்டத்திலிருந்து விலகி வந்தது. மற்றவை நக்கியதுபோல நக்கவில்லை. தாகம் தாங்காமல் மூக்கு முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தியது. அடுத்த கணம் அதன் முன்னங்கால்கள் இரண்டும் மடங்கின. தொண்டையிலிருந்து அவன் இதுவரை கேட்டிராத சத்தம் வந்தது. தலையை உதறிக்கொண்டு அது பக்கவாட்டில் விழுந்தது. மற்ற மாடுகள் ஒரே அலையாகப் பின்னால் போய்க் கம்பித் தடுப்பில் மோதின, கூரையே அதிர்ந்தது.

ஸென்ஜி ஓடினான். ஓடிய லட்சணம், மூன்றாவது எட்டிலேயே கல்லாய் உறைந்த சாணத்தில் கால் வழுக்கி, தொட்டியிலிருந்து வெந்நீர் சிந்திய ஈரத் தரையில் முழங்கால் இரண்டும் பதிய விழுந்தான். எழுந்திருக்கத் தொட்டியின் இரும்பு விளிம்பைப் பிடித்தான். வெறுங்கையால்.

தோள்வரை யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். கை தானாகவே உதறிக்கொண்டது. பற்களுக்கிடையில் தகரத்தைக் கடித்த ருசி.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். காலில் ரப்பர் பூட்ஸ், சட்டைப்பையில் ரப்பர் கையுறை. இத்தனை நாளும் அவற்றைப் போட்டுக்கொண்டு இதே தொட்டிக்குள் கைவிட்டு, நல்ல சூடு, நல்ல சூடு என்று மெச்சிக்கொண்டிருந்தான். மாடுகள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கின்றன. நாற்பத்தொரு மாடுகளும் ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது மனுஷனுக்குப் புரிய, அவன் வழுக்கி விழ வேண்டியிருந்தது. அந்தச் சுவிட்ச் நாலு தடவை விழுந்ததும் இதைச் சொல்லத்தான். அதன் வாயைத்தான் அவன் முதலில் அடைத்தான். அடுத்ததாக அடைத்த வாய் லாரியில் நிற்கிறது.

பால் அறைக்கு ஓடிப் பழைய பெட்டியின் சுவிட்சை இறக்கினான். ஒயரைப் பிடுங்கி வீசினான். இளம் பசு தள்ளாடி எழுந்துகொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் பாய்ந்தான்.

லாரி போயிருக்கவில்லை. பின்கதவுத் தாழ்ப்பாள் உறைந்து மாட்டிக்கொள்ள, ஹண்டா சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இறக்குங்க! அவள இறக்குங்க!"

"என்ன தொகாஷி-சான், கையெழுத்துப் போட்டு மை காயல."

"மைதான் உறைஞ்சுபோச்சே, அது எப்படிக் காயும்? தப்பு என்மேல. தண்ணியில கரண்டு பாஞ்சிருக்கு. அவ மறிச்சு நின்னது அதுக்குத்தான்."

ஹண்டா சுத்தியலைத் தாழ்த்தினார். தொட்டிமுன் மறித்து நிற்கும் மாடுகளை அவர் வேறு பண்ணைகளிலிருந்தும் ஏற்றிப் போயிருக்க வேண்டும். லாரிக்குள் நின்ற மூன்றையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காகிதத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கிக்குனோ ஏறியதுபோலவே அலட்டாமல் இறங்கினாள். கயிற்றைப் பிடித்து அவளைக் கூட்டிப் போவதாக ஸென்ஜி நினைத்துக்கொண்டான். கயிற்றின் மறுமுனையில் அவன் ஓட வேண்டியிருந்தது. மாடுகள் விலகி வழிவிட்டன. அவள் நேராகத் தொட்டிக்குப் போய், திரும்பி, பழைய இடத்தில் குறுக்கே நின்றாள்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. ஒயரப் புடுங்கிட்டேன். குடி."

அவள் குடிக்கவில்லை. பின்னால் ஒரு மாடு எட்டு வைத்தது, முட்டித் தள்ளினாள். தாகத்தில் இன்னொன்று வந்தது. அதையும் தள்ளினாள். தண்ணீரில் இப்போது ஆபத்தில்லை என்று அவளிடம் எந்த மொழியில் சொல்வது? ஹீட்டர் அணைந்த தொட்டியில் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. இரும்பு விளிம்பில் படிந்த ஆவி கண்ணாடிச் செதில்போல உறைந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மேல்பரப்பு மூடிவிடும். ராத்திரிக்குள் கோடரி வேண்டியிருக்கும்.

ஸென்ஜி சட்டைப்பையிலிருந்த கையுறைகளை எடுத்து எறிந்தான். அவள் பார்க்கும்படி தொட்டியின் முன் மண்டியிட்டு, இரண்டு கையையும் தண்ணீரில் விட்டு, அள்ளிக் குடித்தான். வைக்கோலும் மாட்டு எச்சிலும் கலந்த தண்ணீர். நாற்பது மாடுகளும், குடிகாரனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தன. இரண்டாவது வாய் அள்ளக் குனிந்தான்.

விலாவில் கனமாக ஏதோ அழுத்தியது. கிக்குனோவின் நெற்றி. கோபமாக இல்லை, மற்ற மாடுகளை எவ்வளவு பலத்தோடு தள்ளினாளோ அதே பலம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொட்டியிலிருந்து அவனை முட்டிச் சுவர்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஈரத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டது.

ஃபூமியே பால் அறையிலிருந்து இரண்டு வாளி வெந்நீரோடு வந்தாள். "என்னங்க, சுவத்துல சாஞ்சு நிக்கிறீங்க?"

"என்னையும் மந்தையில சேத்துக்கிட்டா," என்றான் ஸென்ஜி. "முறை வரட்டும்னு நிக்கிறேன்."

ஃபூமியே ஒரு வாளியைத் தரையில் வைத்தாள். வாளியும் பளபளவென்ற இரும்புதான். கிக்குனோ கழுத்தை நீட்டி அதன் விளிம்பை முகர்ந்தாள். மூக்கு படவில்லை. பிறகு இரண்டடி எடுத்து வைத்து, வாளிக்கும் மந்தைக்கும் நடுவில் போய் நின்றாள்.